பயணத் திட்டமும் ஆற்றுப்படையும்



மொழி மன்றத்தின் பொதுப்பொழிவு என்றால் இலக்கணம் பற்றியோ காப்பியம் பற்றியோ பேசுவதுதான் வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் மலைச்சாலையில் செல்லும் மகிழுந்துப் பயணம். ‘இதற்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு?’ என்று சிலர் நினைக்கக்கூடும். பயணத்துக்குத் திட்டம் வகுத்துக் கொடுப்பதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி நம்முடையது. அந்த வகையிலிருந்து நாம் கற்க வேண்டியது இன்னும் இருக்கிறது என்பதே என் பேச்சின் சாரம்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவி ஒருவர் என்னைக் காண வந்தார். இன்று அவர் பொறியாளர். கணவரோடும் பிள்ளைகளோடும் ஐரோப்பாவில் ஐந்து நாடுகளை மகிழுந்தில் சுற்றிவர எண்ணியிருந்தார். ஜெர்மனியின் மியூனிக் நகரில் வண்டியை வாடகைக்கு எடுத்து, ஆஸ்திரியா, இத்தாலி, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நாடுகளைக் கடந்து, புறப்பட்ட இடத்திற்கே திரும்புவது அவர் திட்டம். ஒன்பது நாள், அழகான அட்டவணை, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வண்ணம். “ஐயா, பார்த்துச் சொல்லுங்கள்” என்று என் கையில் கொடுத்தார்.

நான் ஐரோப்பாவுக்குச் சென்றவன் அல்லேன். எனினும் மலைச்சாலையில் பிறந்து வளர்ந்தவன். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வீட்டில் தொடங்கியது என் வாழ்க்கை. ஆகவே அட்டவணையை மலைக்காரன் கண்கொண்டு படித்தேன். ஐயம் எழுந்த இடங்களில் நூல்களையும் நிலப்படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சில குறைகள் உடனே தெரிந்தன.

முதற்குறை, அவர் தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளந்திருந்தார். மலைச்சாலையை வளைவுகளால் அளக்க வேண்டும். ஆஸ்திரியாவின் குரோஸ்குலோக்னர் மலைச்சாலை ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளம். அதில் 36 பெரும் வளைவுகள். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஏறி இறங்கியவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். இந்த இரண்டு சாலைகளையும் இடையிலுள்ள டோலமைட் மலைகளையும் அவர் ஒரே நாளில் அடைத்திருந்தார்.

இரண்டாங்குறை, பருவம். அவர் ஏப்ரல் இறுதியில் செல்ல எண்ணியிருந்தார். அவ்வளவு உயரத்தில் அப்போது பனி கரைந்திராது. குரோஸ்குலோக்னர் சாலை பொதுவாக மே மாதத் தொடக்கத்தில்தான் திறக்கப்படும்; ஸ்டெல்வியோ மே இறுதியிலோ ஜூனிலோ திறக்கும். மூடிய கணவாயின் அடிவாரம்வரை சென்று திரும்பி வருவது எவ்வளவு பெரிய ஏமாற்றம்!

மூன்றாங்குறை, எல்லைகள். ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் விரைவுச்சாலையில் செல்ல முன்கூட்டியே கட்டணச் சீட்டு வாங்கவேண்டும். குரோஸ்குலோக்னர் சாலைக்கோ தனிக் கட்டணம். வாடகை வண்டியை எந்தெந்த நாட்டுக்குள் கொண்டுசெல்லலாம் என்று வண்டி கொடுப்பவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பன்னாட்டு ஓட்டுநர் உரிமமும் வேண்டும். மலேசியாவில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர் அங்கே வலப்பக்கம் ஓட்டவேண்டும். ஆகவே முதல்நாளே மலையேறாமல் சமவெளியில் ஒருநாள் கைபழகுதல் நன்று.

இவற்றைச் சொன்னபோது அவர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பயணத்தைச் சூன் மாத இறுதிக்கு மாற்றி, ஒன்பது நாளைப் பன்னிரண்டாக்கினார். என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்றிரவு அந்த அட்டவணையை மீண்டும் எண்ணிப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. அதில் நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சி முனைகள் இருந்தன. ஏரிகள், கோட்டைகள், அருவிகள் இருந்தன. மனிதர் ஒருவர்கூட இல்லை.

அவரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. அதே பிழையைப் பல ஆண்டுகளுக்கு முன்னர் நானே செய்திருக்கிறேன்.

அப்போது நான் சமவெளியில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கேமரன் மலைக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. என் சொந்த மலை என்ற பெருமிதத்தில் ஒரே நாளில் பதினோரு இடங்களை அட்டவணையில் எழுதினேன். விடியற்காலையில் பேருந்து புறப்பட்டது. தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலையில் பத்தாவது வளைவுக்குள் பாதிப் பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள். லாத்தா இஸ்கந்தர் அருவியருகே வண்டியை நிறுத்தி முகம் கழுவச் செய்தோம். தானா ராத்தாவில் காலம் கடந்தது. பிரிஞ்சாங் சந்தை நெரிசலில் மேலும் கடந்தது. தேயிலைத் தோட்டத்தை அடைந்தபோது மாலை நான்கரை மணி. கொழுந்து பறிப்போர் நிறுவை முடித்து வீடு திரும்பியிருந்தார்கள். ஆலையும் ஓய்ந்திருந்தது. பிள்ளைகள் காட்சி மேடையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மழை வந்தது, இறங்கிவிட்டோம்.

மறுவாரம் சுற்றுலாவைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவனின் கட்டுரையில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன: ‘தேயிலைத் தோட்டம் மிக அழகாக இருந்தது. அங்கு யாரும் இல்லை.’

இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் என் கையிலிருந்த சிவப்புப் பேனா நின்றுவிட்டது. என் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் முதுகில் கூடை சுமந்து நின்ற சரிவு அது. அந்தப் பையனின் கொள்ளுத்தாத்தாவும் ஏதோ ஒரு தோட்டத்துக்கு வந்தவராகவே இருந்திருப்பார். அவ்வளவு பேர் வாழ்ந்து உழைத்த மலையை ‘யாரும் இல்லாத’ அழகாக அவன் கண்ணுக்குக் காட்டியது யார்? என் அட்டவணைதான்.

அதன் பிறகுதான் மலைபடுகடாத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். கல்லூரியில் தேர்வுக்காகப் படித்த நூல். இப்போது வழி தவறியவன் வழி கேட்பதுபோலப் படித்தேன்.

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள் என்பதை மாணவர்கள் அறிவீர்கள். ஆறு என்றால் வழி. படுத்தல் என்றால் செலுத்துதல். பரிசு பெற்று மீள்பவர், எதிரே வரும் வறிய கலைஞரிடம் ‘இவ்வழியே செல்க’ என்று கூறுவது ஆற்றுப்படை. அவற்றுள் மலைபடுகடாம் பெருங்கௌசிகனார் பாடியது. 583 அடிகள் கொண்டது. நன்னன் சேய் நன்னன் என்னும் தலைவனை நாடிச் செல்லும் கூத்தர்களுக்கு மலைவழி சொல்வதால் கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயர். நாம் அதை வள்ளலின் புகழ்பாடும் நூலாகவே பெரும்பாலும் கற்பிக்கிறோம். ஆனால் அதன் பெரும்பகுதி வழியைப் பற்றியது. மலைப்பயணத்துக்குத் திட்டமிடுபவர் கேட்க வேண்டிய கேள்விகள் அனைத்தும் அதில் இருக்கின்றன.

நான் அவற்றை நான்காகத் தொகுத்துக்கொண்டேன். வழி எத்தகையது? வழியில் இடர் யாது? வழியில் இருக்கும் மக்கள் யாவர்? நமக்குப் பின் வருவோர்க்கு நாம் விட்டுச்செல்வது என்ன? இந்நான்கையும் கேமரன் மலைக்கும் ஐரோப்பிய மலைகளுக்கும் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, வழி. இன்று நாம் அழகுக்காகச் செல்லும் சாலைகளிற் பல அழகுக்காக அமைந்தவை அல்ல. ஸ்டெல்வியோ சாலை 1820 முதல் 1825 வரை கட்டப்பட்டது. அன்று இத்தாலியின் லொம்பார்டி பகுதி ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. தலைநகரோடு அதனை இணைக்கவும் படை நடத்தவும் பேரரசு விரும்பியது. கார்லோ டொனேகானி என்னும் பொறியாளர் வழி வகுத்தார். முதல் உலகப்போரில் அந்த உச்சிகளில் பனிக்கிடையே போர் நடந்தது. குரோஸ்குலோக்னர் சாலை வேறு வகை. பெரும் பொருளாதாரச் சரிவுக் காலத்தில் வேலையற்றோர்க்கு வேலை கொடுத்து, சுற்றுலாவை வளர்க்கக் கட்டி, 1935இல் திறந்தார்கள். வளைவுகள் இரண்டிடத்தும் ஒன்றுபோலத் தோன்றினும், அவற்றை வெட்டியவர்களின் கதை ஒன்றல்ல.

நம் மலைக்கு வருவோம். 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியைக் கண்டு எழுதினார். அவருடன் குலோப் ரியாவ் என்பவர் சென்றார் என்று மலையின் வரலாற்றை எழுதுவோர் குறிப்பிடுகின்றனர். மலைக்குப் பெயராக நின்றது ஒருவர் பெயர் மட்டுமே. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்னும் ஆங்கிலேய உயரதிகாரி இங்கு வந்து பார்த்தார். குளிர்வாழ் நகரம் அமைக்கும் எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. மறு ஆண்டு தாப்பாவிலிருந்து சாலைப்பணி தொடங்கி, 1930களின் தொடக்கத்தில் நிறைவுற்றது. கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்ததாயினும் பல்லாண்டுகள் பேராக்கின் வழியாகவே அதற்கு ஏற முடிந்தது. 1929இல் ஜே. ஏ. ரஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டறிந்த ஒருவரைத் துணைகொண்டார். நான்கே ஆண்டுகளில் ரஸல் மறைந்தார், தோட்டம் நிலைத்தது. 1933இல் இந்திய வணிகக் குடும்பம் ஒன்று தொடங்கிய பாரத் தேயிலைத் தோட்டமும் இம்மலையில் வேரூன்றியது.

‘போ’ என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ‘போ என்றால் எங்கே போவது, ஐயா?’ என்று ஒரு சிறுமி என்னைக் கேட்டாள். நான் அப்போது சிரித்து விட்டேன். அந்தக் கேள்விக்கு உண்மையான விடை ஒன்று உண்டு. அதைச் சற்றுப் பின்னர்க் கூறுகிறேன்.

இரண்டாவது, இடர். மலைபடுகடாம் வழியின் அழகை மறைப்பதில்லை, இடரையும் மறைப்பதில்லை. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் பள்ளம், கால் வழுக்கும் பாறை, தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறது. வழி தவறினால் என்ன செய்வது என்பதும் உண்டு. ‘அலையாமல் நின்று உங்கள் இசைக்கருவிகளை ஒலியுங்கள், கானவர் கேட்டு வந்து உதவுவார்கள்’ என்பது அதன் கருத்து. தொலைந்தவன் ஓடக்கூடாது, நின்று, தான் இருக்கும் இடத்தைத் தெரிவிக்க வேண்டும். இன்றும் மீட்புப் படையினர் கூறும் அறிவுரை இதுவே.

கேமரன் மலைக்குச் செல்வோர்க்கு இன்றைய இடர்கள் வேறு. பிற்பகல் மழை, மழைக்குப்பின் மண்சரிவு, வளைவில் எதிரே வரும் காய்கறிப் பாரவண்டி, பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்கை அடைக்கும் வாகன நெரிசல். இறங்கும்போது நிறுத்தியை விடாமல் மிதிப்பதால் அது சூடேறிப் பிடியிழக்கும். தாழ்ந்த விசையில் இறங்க வேண்டும். ஏறும்போது தாப்பா வழியையும் இறங்கும்போது கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்குச் செல்லும் அகன்ற சாலையையும் கொள்வது பிள்ளைகளோடு செல்வோர்க்கு நல்லது. நேரம் இருப்பின் லோஜிங் வழியாகக் குவா மூசாங் வரை இறங்கலாம். பேராக், பகாங், கிளந்தான் ஆகிய மூன்று மாநிலங்களை ஒரே மலைப்பயணத்தில் கண்டவர்களாவோம். எல்லை கடக்கும் பயணத்துக்கு ஐரோப்பா வரைதான் போகவேண்டும் என்பதில்லை.

மூன்றாவது, மக்கள். என் அட்டவணையிலும் என் மாணவியின் அட்டவணையிலும் விடுபட்டது இதுவே. மலைபடுகடாத்தில் வழி என்பது மக்களால் ஆனது. இந்தச் சீறூரில் இவர்கள் இருப்பார்கள். இப்படிச் சொன்னால் உங்களை ஏற்பார்கள். இன்ன உணவு தருவார்கள் என்று செல்கிறது பாட்டு. கானவரும் ஆயரும் உழவரும் அதில் காட்சிப் பொருள்கள் அல்லர், விருந்தோம்புவோர். மலையில் எழும் பலவகை ஓசைகளைப் புலவர் நீளமாக அடுக்குகிறார்; அவற்றுள் மக்கள் வேலைசெய்யும் ஓசைகளும் கலந்திருக்கின்றன. மலையின் பெயரைச் சொல்லும் பாட்டு, மலையில் வாழ்வோரின் ஓசையையும் சேர்த்தே கேட்கிறது.

தாப்பா சாலையில் மேலேறும்போது வழியோரத்தில் பூர்வக்குடியினரின் வீடுகளைக் காணலாம். இம்மலைச்சரிவுகளில் செமாய் மக்கள் சாலை வருமுன்னரே வாழ்ந்தவர்கள். பெட்டாய்க் காயும் டுரியானும் விற்கும் கொட்டகையில் நிறுத்திப் பேரம் பேசுகிறோம். அவர்கள் மொழியில் ஒரு சொல் கேட்டிருப்போமா?

ஐரோப்பாவிலும் இப்படி ஒரு மொழி வழியோரத்தில் நிற்கிறது. என் மாணவி ஸ்டெல்வியோவிலிருந்து சுவிட்சர்லாந்துக்குள் நுழையும் வழியில் வால் முஸ்டைர் என்னும் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே ரோமான்ஷ் மொழி பேசப்படுகிறது. ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலி மொழிகளோடு அதனையும் தேசிய மொழியாக 1938இல் சுவிட்சர்லாந்து மக்கள் வாக்களித்து ஏற்றனர். பேசுவோர் மிகச் சிலர். அந்தப் பள்ளத்தாக்கை அடுத்துள்ள எங்கதீன் பகுதியில் ‘அல்லெக்ரா’ என்று வணக்கம் சொல்வார்கள். என் மாணவி தம் அட்டவணையில் அந்த நாளுக்கு எதிரே ‘அல்லெக்ரா’ என்று எழுதிக்கொண்டார். இடப்பெயர்களும் அப்படியே. வட இத்தாலியின் ஒரே நகரை ஒருவர் பொல்சானோ என்பார், இன்னொருவர் போட்சென் என்பார். ஸ்டெல்வியோவுக்கு ஜெர்மன் மொழியில் வேறு பெயர். இரண்டையும் அறியாதவர் வழிகாட்டிப் பலகையின் கீழேயே வழி தவறுவார்.

இனி, தோட்ட மக்கள். ‘போ என்றால் எங்கே போவது?’ என்ற சிறுமியின் கேள்விக்கு இப்போது விடை சொல்கிறேன். நம் முன்னோர்க்கு ஒருநாள் ஒருவர் ‘போ’ என்றார், அவர்கள் வந்தார்கள். பஞ்சமும் கடனும் சாதியும் பின்னிருந்து தள்ள, கங்காணியின் வாய்ச்சொல்லே பயணத் திட்டமாக, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். 1926இல் நீரில் இறக்கப்பட்ட ரஜூலா என்னும் கப்பல் அரை நூற்றாண்டுக்கு அருகில் இக்கடலில் ஓடியது. அதன் பெயர் இன்னும் முதியோர் வாயில் இருக்கிறது. எந்த வழி, என்ன இடர், அங்கே யார் இருப்பார்கள் என்று சொல்ல அவர்களுக்கு ஓர் ஆற்றுப்படை இல்லை. 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடைசெய்தபோது இங்கே இருந்தவர்கள் இங்கேயே வேரூன்றினார்கள். அவர்களுட் சிலர் இம்மலைக்கு ஏறிக் காடு வெட்டினார்கள், தேயிலை நட்டார்கள், விடியலில் பெரட்டுக்கு நின்று கொழுந்து பறித்தார்கள், பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி வேண்டும் என்றார்கள்.

இன்று அச்சரிவுகளில் கொழுந்து பறிப்போரிற் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். கைக்குப் பதிலாகக் கத்தரியும் எந்திரமும் வந்துவிட்டன. நம் பிள்ளைகள் படித்து நகரங்களுக்கு இறங்கிவிட்டார்கள்; அதற்காக நான் மகிழ்கிறேன். பாட்டி சுமந்த கூடையைப் பேத்தியும் சுமக்கவேண்டும் என்று எந்தப் பாட்டியும் விரும்பவில்லை. ஆனால் மக்கள் இறங்கும்போது அவர்களோடு சில சொற்களும் இறங்கிப் போகின்றன. அதுவே நான் இன்று உங்கள்முன் வைக்க விரும்பும் கவலை.

அந்தக் கட்டுரைக்கு அடுத்த ஆண்டு இன்னோர் அணி மாணவர்களை அழைத்துச் சென்றேன். பதினோரு இடங்களை மூன்றாக்கினேன். முதல்நாள் பிற்பகலே ஏறி, இரவு தங்கி, மறுநாள் காலையில் தோட்டத்துக்குச் சென்றோம். தோட்டத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டியிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அவர் பிள்ளைகளோடு சிறிது தூரம் நடந்தார். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படிக் கிள்ளுவது என்று காட்டினார். முற்றிய இலையைக் கிள்ளிய பையனின் கையைத் தட்டினார். பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி, பதமாக்கி, உலர்த்தித் தரம் பிரிக்கும் முறையை ஆலையில் அறிந்தோம்.

திரும்பும் வழியில் ஒரு சரிவின் திருப்பத்தில் எங்கள் சிற்றுந்தின் பின்சக்கரம் வழுக்கியது. பெருந்தீங்கு ஏதுமில்லை, ஆனால் பிள்ளைகள் அலறிவிட்டார்கள். ஓட்டுநரும் நானும் இறங்கிக் கல் அடைகொடுத்தோம். மூதாட்டி அசையாமல் இருந்தார்.

“இது வழுக்குப்பாறை ஆச்சே, வாத்தியாரே. பேரிலேயே சொல்லி வச்சிருக்காங்க. நீங்க ஏன் இந்தப் பக்கமா வரச் சொன்னீங்க?” என்றார்.

அந்த மலையில் பிறந்த நான் அந்தப் பெயரை மறந்திருந்தேன். பாட்டி வாயிலிருந்து கேட்ட பெயர்தான். தோட்டக் கணக்கில் அந்தச் சரிவுக்கு எண் உண்டு. எந்த நிலப்படத்திலும் அதற்குப் பெயர் இல்லை. முன்னே நடந்தவர்கள், பின்னே வருபவர் விழக்கூடாது என்று ஒரு பெயரில் வைத்துச் சென்ற எச்சரிக்கை அது. ஒரே சொல்லாலான ஆற்றுப்படை என்று அதைச் சொல்லலாம். அதைப் பாடியவர்க்குப் பெயர் இல்லை, பரிசும் இல்லை.

அன்று மாணவர்கள் அந்த மூதாட்டியிடம் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். மரத்தால் பெயர்பெற்ற சரிவு, கோவிலால் பெயர்பெற்ற மேடு, எப்போதோ ஒருவர் விழுந்து இறந்ததால் பெயர்பெற்ற ஓடை என்று ஓர் அரைமணி நேரத்தில் இரண்டு பக்கம் நிரம்பியது. அவ்வாண்டுக் கட்டுரைகளில் ‘யாரும் இல்லை’ என்று எவரும் எழுதவில்லை. ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து மேலும் சில பெயர்களைக் கேட்கலாம் என்று நான் சென்றபோது, அந்த மூதாட்டி இல்லை. அவர் சொல்லாமல் போன பெயர்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. இனி எவர்க்கும் தெரியப்போவதில்லை.

நான்காவது கேள்விக்கு வருகிறேன்: பின் வருவோர்க்கு நாம் விட்டுச்செல்வது என்ன? மலைபடுகடாத்தில் ஓரிடம் என்னை எப்போதும் நிறுத்திவிடும். வழிகள் பிரியும் இடத்தை அடைந்தால், அந்நிலம் அறியாத புதியவர்களாகிய நீங்கள், அவ்விடத்தைத் துடைத்துவிட்டு, சரியான வழியில் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்கிறார் புலவர். தாம் போய்ச் சேர்ந்தால் போதும் என்று அவர் விடவில்லை. வழி கேட்டு வந்தவரே அடுத்த அடியில் வழிகாட்டியாகிறார். பரிசு பெறுமுன்னரே, பசியோடு நடக்கும்போதே, பின்னே வரும் முகமறியாதவருக்காகக் குனிந்து புல்லை முடிகிறார்.

ஆசிரியப் பெருமக்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாணவர்களைக் கேமரன் மலைக்கோ வேறெந்தத் தோட்டத்துக்கோ அழைத்துச் செல்லும்போது அட்டவணையில் இடங்களைக் குறையுங்கள். ஒரு மனிதரின் பெயரைச் சேருங்கள். அவரோடு பேச ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அவர் தமிழராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. செமாய் முதியவராக இருக்கலாம். நேபாளத்திலிருந்து வந்த இளைஞராகவும் இருக்கலாம். அந்த இளைஞரும் ஒருவர் சொல்லைக் கேட்டுக் கடல் தாண்டி வந்தவரே. நம் கொள்ளுத்தாத்தாவின் கதையைத் தம் மொழியில் அவர் சொல்லக்கூடும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு பணி. திரும்பி வந்ததும் கட்டுரையில் ‘இயற்கை அன்னை பச்சைப் பட்டு உடுத்தியிருந்தாள்’ என்று எழுத வேண்டாம். அதை நாங்கள் நூறு முறை திருத்திவிட்டோம். நீங்கள் கேட்ட ஓர் இடப்பெயரை எழுதுங்கள். அதை யார் சொன்னார், எந்தச் சரிவுக்கு அந்தப் பெயர், ஏன் அந்தப் பெயர் வந்தது என்று நான்கு வரி போதும். பள்ளியில் ஒரு குறிப்பேடு வையுங்கள். ஆண்டுதோறும் அடுத்த அணி அதில் சேர்க்கட்டும். பத்தாண்டில் ஒரு தோட்டத்தின் வாய்வழி நிலப்படம் உங்கள் கையில் இருக்கும். பல்கலைக்கழக ஆய்வாளர் வரும்வரை காத்திருக்க முதியோர்க்கு நேரமில்லை.

என் மாணவி தம் குடும்பத்தோடு ஐரோப்பா சென்று திரும்பினார். நூற்றுக்கணக்கான படங்களைக் காட்டினார், எல்லாம் அழகு. கடைசியாக ஒரு படம். வால் முஸ்டைரில் ஒரு சிறு ரொட்டிக்கடை. அதன் வாசலில் ஒரு முதியவள். அருகே அவருடைய இளைய மகன். “அல்லெக்ரா என்று சொன்னோம், ஐயா. அந்த அம்மாள் வெளியே வந்து, அந்த மலைக்கு அவர்கள் மொழியில் என்ன பெயர் என்று சொன்னார். தம்பி எழுதி வைத்திருக்கிறான்” என்றார். எழுதிய தாளையும் கொண்டுவந்திருந்தார். பன்னிரண்டு வயதுப் பையன், எந்த மொழியின் எழுத்தில் எழுதுவது என்று தெரியாமல், அந்த ரோமான்ஷ் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தான்.

ஒலி சற்றே பிசகியிருக்கலாம். ஆனால் கவர்த்த வழியில் அவன் ஒரு புல்லை முடிந்துவிட்டான்.